ஒரே கவுன்ட்டர், இரண்டு கணக்கு: வட ஆற்காட்டில் தபாலும் தொலைபேசியும் பிரிந்த கதை

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் நோயாளிகள் வருவது பல தலைமுறைப் பழக்கம். ஏ.டி.எம். அட்டையும் செல்போனும் வருவதற்கு முன்னால், அறுவை சிகிச்சைக்கு இன்னும் பணம் தேவைப்படுகிறது என்று தெரிந்தால், காந்தி ரோடு விடுதியில் தங்கியிருந்த குடும்பத்துக்குக் கைகொடுத்த வேகமான வழிகளில் ஒன்று தந்தி மணியார்டர். சொந்த ஊர்த் தபால் ஆபீசில் உறவினர் ஒருவர் பணத்தைக் கட்டுவார். கட்டிய தகவல் தந்தியில் வேலூருக்கு வரும். வேலூர் தபால் ஆபீஸ் அந்தத் தொகையைத் தன் கையிருப்பிலிருந்து எடுத்துப் பட்டுவாடா செய்யும். ரூபாய் நோட்டு எதுவும் ரயில் ஏறவில்லை, செய்தி மட்டும்தான் பயணம் செய்தது.

இந்த வேலைக்கு இரண்டு விஷயங்கள் தேவை. ஊர் ஊராகப் பணம் வாங்கவும் கொடுக்கவும் நம்பிக்கையான ஒரு கவுன்ட்டர். அந்தக் கவுன்ட்டர்களை உடனுக்குடன் இணைக்கும் ஒரு கம்பி. 1914 முதல் 1985 வரை இந்த இரண்டும் ஒரே துறையின் கையில் இருந்தன. 'பி அண்ட் டி' என்று ஊரே சொன்ன தபால் தந்தித் துறை அது. அந்தத் துறை எப்படி உருவானது, ஏன் பிரிந்தது, பிரிந்த பிறகு கடைசிக் கிராமம் வரை போய்ச் சேரும் செலவை யார் சுமந்தார்கள் என்பதைப் பழைய வட ஆற்காடு மாவட்டத்தை வைத்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு. இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்கள் சேர்ந்ததுதான் அந்த நிலப்பரப்பு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதத்தையும் தந்தியையும் தான் மட்டுமே கையாளும் உரிமையை அரசு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. எல்லா ஊருக்கும் சேவை கொடுக்கும் கடமையையும் நடைமுறையில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் கடமைக்கு இவ்வளவு செலவாகும், அதை இன்னார் தர வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. துறை ஒன்றாக இருந்தவரை ஒரு கிளையின் லாபம் இன்னொரு கிளையின் நஷ்டத்தை ஈடுகட்டியது. பிரித்தபோது அந்தக் கேள்வி வெளியே வந்தது. தொலைபேசிக்கு அதற்கு ஒரு விடை கிடைத்தது. கிராமத் தபால் ஆபீசுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

கம்பெனி தபாலிலிருந்து காலணா கார்டு வரை

1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுச்சி வெடித்தபோது, கோட்டைக்கு வெளியே இருந்த ஒரு ஆங்கிலேய அதிகாரி குதிரையில் ஏறிப் பதினாறு மைல் தள்ளியிருந்த ஆற்காடு பாசறைக்குப் போய்த்தான் தகவல் சொன்னார். ஆற்காட்டுப் படைத் தளபதி கில்லஸ்பி தன் குதிரைப் படையோடு கிளம்பி வந்தது அதற்குப் பிறகு. செய்தியின் வேகம் குதிரையின் வேகம்தான். சென்னையில் பொதுத் தபால் அலுவலகம் 1786இலேயே திறந்துவிட்டது என்றாலும், அந்தக் காலத் தபால் முதலில் கம்பெனி நிர்வாகத்துக்கும் ராணுவத்துக்கும்தான் உழைத்தது. பொதுமக்கள் பயன்படுத்தலாம், ஆனால் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம். தூரத்து ஊருக்கு எழுத வசதி படைத்தவர்களால்தான் முடியும்.

1837ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றத் தொடங்கியது. கம்பெனி ஆளுகைக்கு உட்பட்ட பகுதியில் கூலிக்குக் கடிதம் சுமக்கும் உரிமை அரசுக்கு மட்டுமே என்று அது சொன்னது. அடுத்த பெரிய மாற்றம் 1854 அக்டோபர் 1. நாடு முழுவதற்கும் ஒரே தபால் துறை, அதற்கு ஒரு டைரக்டர் ஜெனரல். கால் தோலா எடைவரை உள்ள கடிதம் எங்கே போனாலும் அரையணா. இந்த 'எங்கே போனாலும்' என்பதை நான் இந்த வரலாற்றின் மிக முக்கியமான முடிவாகப் பார்க்கிறேன். வேலூரிலிருந்து ஆற்காட்டுக்குப் போகும் கடிதத்துக்கு ஆகும் செலவு கொஞ்சம். பெஷாவருக்குப் போகும் கடிதத்துக்கு ஆகும் செலவு பல மடங்கு. இரண்டுக்கும் ஒரே விலை என்றால், பக்கத்து ஊருக்கு எழுதுகிறவர் தூரத்து ஊருக்கு எழுதுகிறவரின் செலவில் ஒரு பங்கைத் தருகிறார். ஒருவர் கட்டணத்தில் இன்னொருவர் சேவை என்ற ஏற்பாடு அன்றே ஆரம்பித்துவிட்டது. அதை நடத்த ஏகபோக உரிமை தேவைப்பட்டது. இல்லாவிட்டால் லாபம் தரும் பக்கத்து ஊர்க் கடிதங்களை எல்லாம் தனியார் எடுத்துக்கொண்டு, தூரத்துக் கடிதங்களை மட்டும் அரசிடம் விட்டிருப்பார்கள்.

1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை வட ஆற்காட்டில்தான் வந்து நின்றது. பிறகு அரக்கோணமும் காட்பாடியும் ஜோலார்பேட்டையும் சந்திப்பு நிலையங்களாக வளர்ந்தபோது, தபால் பைகள் எந்த ஊரில் இறங்கிப் பிரியும் என்பதைத் தண்டவாளமே முடிவு செய்தது. ரயில் எட்டாத இடத்துக்கு, ஈட்டியும் சலங்கையுமாக ஓடிய தபால் ஓட்டக்காரர்தான் போனார்.

இடையில் இன்னொரு தபாலும் இருந்தது. ஜில்லா நிர்வாகத்தின் பொறுப்பில், தாலுகா கச்சேரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கடிதம் கொண்டுபோக நடந்த ஜில்லா தபால். நாட்டின் பல பகுதிகளில் அரசின் பொதுத் தபாலும் ஜில்லா தபாலும் பல ஆண்டுகள் அருகருகே ஓடின. 1906இல்தான் அது முழுமையாகப் பொதுத் தபாலில் கரைந்தது. (வட ஆற்காட்டின் கலெக்டர் தலைமையிடம் அப்போது சித்தூர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமான பிறகுதான் வேலூர் தலைமையிடமானது.)

கவுன்ட்டரில் வேலைகள் அடுத்தடுத்து ஏறின. 1879இல் காலணா கார்டு, 1880இல் மணியார்டர், 1882இல் சேமிப்பு வங்கி, 1884இல் தபால் ஆயுள் காப்பீடு. ஐந்தே ஆண்டுகளில் கடிதம் வாங்கும் இடம் ஏழைகளின் வங்கியாகிவிட்டது. இதன் பலன் வட ஆற்காட்டில் அழுத்தமாகத் தெரியும். கணியம்பாடி பக்கத்தில் உள்ள கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் முதல் உலகப்போர்க் காலத்திலிருந்தே வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போவது வழக்கம். எல்லையில் இருக்கும் மகனின் சம்பளம் ஊருக்கு வந்தது மணியார்டரில்தான். குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் பீடி சுற்றும் பெண்கள் வாரக்கூலியில் ஒதுக்கிய காசு ஆர்.டி. என்ற மாதத் தொடர் சேமிப்பு பாஸ்புக்கில் ஏறியது.

கம்பி ஒன்றாகச் சேர்ந்தது

தந்தி தனியாகப் பிறந்தது. 1850களின் தொடக்கத்தில் ஓஷாக்னசி என்ற மருத்துவர் கல்கத்தா பக்கத்தில் சோதித்துப் பார்த்த கம்பி, சில ஆண்டுகளில் சென்னையையும் பம்பாயையும் இணைத்தது. 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம், தந்தி நடத்தும் உரிமையை முழுக்க அரசுக்குக் கொடுத்தது. 'தந்தி' என்பதற்கு அந்தச் சட்டம் கொடுத்த விளக்கம் அகலமானது. அதனால் பின்னால் வந்த தொலைபேசி, கம்பியில்லாக் கருவி, செல்போன் எல்லாமே அதற்குள் அடங்கின. 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வரும்வரை நம் கையிலிருந்த ஸ்மார்ட்போனுக்கும் 1885ஆம் ஆண்டுச் சட்டம்தான் அடிப்படை.

ஒவ்வொரு சிற்றூரிலும் தந்திக்கென்று தனி ஆபீஸ் கட்டுவது கட்டுப்படியாகாது. அதனால் 1880களிலிருந்து தபால் ஆபீசுக்குள்ளேயே ஒரு மேசையில் தந்திக் கருவியை வைத்து, தபால் ஊழியருக்கே மோர்ஸ் கற்றுக்கொடுத்தார்கள். கூட்டு அலுவலகம் என்று பெயர். துறைகளை இணைக்கலாமா என்று மேலே விவாதம் நடப்பதற்கு முன்பே, கீழே கவுன்ட்டரில் அவை இணைந்துவிட்டன. 1914இல் இரண்டும் முறைப்படி ஒரே டைரக்டர் ஜெனரலின் கீழ் வந்தன.

தொலைபேசி கொஞ்சம் சுற்றி வந்தது. சென்னையில் 1882இல் எக்ஸ்சேஞ்ச் நடத்தியது தனியார் கம்பெனி. சென்னை, பம்பாய், கல்கத்தாவின் தொலைபேசிக் கம்பெனிகளை அரசு 1943இல் எடுத்துக்கொண்டது. வேலூர் போன்ற வெளியூர்களில் அது தபால் தந்தித் துறையின் வேலையாகவே வளர்ந்தது.

சுதந்திரம் வந்தபோது நாட்டில் இருந்த தபால் ஆபீஸ்கள் 23,344. இன்று 1.64 லட்சத்துக்கும் மேல், அதில் பத்துக்கு ஒன்பது கிராமப்புறத்தில். இந்த வளர்ச்சி எப்படிச் சாத்தியமானது என்பதில்தான் இந்த ஆய்வின் மையம் இருக்கிறது.

ஈ.டி. போஸ்ட்மாஸ்டர்

கிராமத்தில் முழுநேர ஊழியரை வைக்கத் துறைக்கு வசதியில்லை. எனவே வேறு வருமானம் உள்ள ஒருவரை, பெரும்பாலும் பள்ளி ஆசிரியரையோ கடைக்காரரையோ விவசாயியையோ, பகுதிநேரமாகத் தபால் பார்க்கச் சொன்னது. 'எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்ட்டல்' என்பதன் சுருக்கம்தான் ஈ.டி. நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்குள் வேலை. ஆபீஸ் நடத்த இடம் அவரே தர வேண்டும். அவருடைய வீட்டுத் திண்ணை அல்லது முன்னறைதான் இந்திய அரசின் தபால் ஆபீஸ். அவருக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்லாமல் 'அலவன்ஸ்' என்றே சொன்னார்கள்.

1977இல் உச்ச நீதிமன்றம், ஈ.டி. ஊழியர் வகிப்பது அரசின் சிவில் பதவிதான், விசாரணை இல்லாமல் வேலையை விட்டு நீக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் வழக்கமான மத்திய அரசு ஊழியருக்குரிய ஓய்வூதியம் அவர்களுக்கு வரவில்லை. 2001இல் 'கிராமின் டாக் சேவக்' என்று பெயர் மாறியது. தல்வார் குழு, கமலேஷ் சந்திரா குழு என்று குழுக்கள் வந்தன, அலவன்ஸ் உயர்ந்தது. அடிப்படை அமைப்பு மட்டும் மாறவில்லை. நாடு முழுவதும் சுமார் இரண்டரை லட்சம் பேர் இன்றும் இப்படித்தான் உழைக்கிறார்கள். கடைசிக் கிராமத்துக்குப் போகும் செலவில் பெரும்பங்கை இவர்கள் குறைந்த கூலியாகத் தங்கள் உடம்பிலேயே சுமந்தார்கள் என்பதைத் தயங்காமல் சொல்லலாம்.

அப்படிக் குறைத்த பிறகும் நஷ்டம் இருந்தது. கிளை அஞ்சலகம் திறப்பதற்கான துறை விதியைப் பார்த்தால் அது புரியும். சமவெளிக் கிராமத்தில் ஒரு கிளை திறக்க, அதன் செலவில் மூன்றில் ஒரு பங்காவது வருமானமாக வரும் என்று எதிர்பார்க்க முடிந்தால் போதும். மலை, பழங்குடிப் பகுதிகளில் 15 சதவீதம் வந்தாலே போதும். மீதி 85 சதவீதத்தை யாரோ தர வேண்டும். நஷ்டம் வரும் என்று தெரிந்தே திறந்தார்கள், அதற்கென்று விதியும் வைத்தார்கள். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரையும் புதூர்நாட்டையும் சுற்றியிருக்கும் மலைக் கிராமங்களுக்குக் கடிதமும் மணியார்டரும் போய்ச் சேர்ந்ததற்கு இந்த 15 சதவீத விதிக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஒரு மாவட்டம், ஐந்து பின்கோடு

1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு முறை வந்தது. வட ஆற்காட்டை அது எப்படிப் பிரித்தது என்று பாருங்கள். வேலூர், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆரணி எல்லாம் 632. ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் 635, அதாவது கிருஷ்ணகிரியோடு சேர்ந்தவை. அரக்கோணம் 631, காஞ்சிபுரத்தின் கூட்டாளி. திருவண்ணாமலையும் போளூரும் 606, விருத்தாசலத்தோடு. செய்யாறும் வந்தவாசியும் 604, திண்டிவனத்தோடு. கலெக்டர் ஒருவர்தான், தபால் வழிகள் ஐந்து. பின்கோட்டின் முதல் மூன்று எண்கள் தபால் பை பிரியும் வட்டாரத்தைக் காட்டுபவை என்பதால், அவை ரயிலையும் சாலையையும் பின்பற்றின, மாவட்ட எல்லையைப் பார்க்கவில்லை.

தொலைபேசியின் ஊர்க் குறியீட்டு எண்கள் (எஸ்.டி.டி. கோடு) காட்டும் வரைபடம் வேறு மாதிரி. வேலூருக்கு 0416, குடியாத்தம் 04171, ஆற்காடு 04172, ஆரணி 04173, ஆம்பூர் 04174, திருவண்ணாமலை 04175, அரக்கோணம் 04177, திருப்பத்தூர் 04179, செய்யாறு 04182, வந்தவாசி 04183. பழைய வட ஆற்காடு முழுக்க வரிசையான எண்களில் ஒரே குடும்பமாக இருக்கிறது. ஊர்களை இணைக்கும் டிரங்க் இணைப்புகள் மரக்கிளைபோலப் பிரிவதால் அதற்கு ஒரு மையம் வேண்டும், அந்த மையம் வேலூர்.

1989இல் மாவட்டம் இரண்டானது, 2019இல் மேலும் பிரிந்தது. இரண்டு வரைபடங்களும் அசையவில்லை. தபால் வழியையும் டிரங்க் இணைப்பையும் ஒரே துறை நடத்தினாலும் அவற்றின் வேலை இயல்பு எவ்வளவு வேறுபட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. 1985இல் பிரித்தவர்களின் தரப்பு நியாயமும் இங்கேதான் இருக்கிறது.

காத்திருந்தவர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் வியாபாரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஆர்டரை நம்பி நடந்த தொழில். விலை மாறினால் அன்றே தெரிய வேண்டும். அவர்களுக்கு இருந்தவை தந்தியும் டிரங்க் காலும். கால் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் 'அர்ஜென்ட்', அதையும் தாண்டி 'லைட்னிங்', ஒவ்வொன்றுக்கும் பல மடங்கு கட்டணம். புதிய இணைப்புக்கு மனுப் போட்டால் வருடக்கணக்கில் காத்திருப்பு. முன்பணமாகப் பெருந்தொகை கட்டினால் தனி வரிசை.

கேட்கிறவர்கள் அதிகம், கொடுப்பதற்கு லைன் குறைவு. அதனால் இருந்த இணைப்புகளிலிருந்து நல்ல வருமானம் வந்தது. 1970களில் தொலைத்தொடர்புக் கிளை லாபத்தில் ஓடியது, தபால் கிளை நஷ்டத்தில் ஓடியது. ஆம்பூர்த் தோல் மண்டிக்காரர் கட்டிய டிரங்க் கால் கட்டணத்தில் ஒரு துளி ஜவ்வாது மலைத் தபால் ஆபீசுக்குப் போனது என்று சொன்னால் மிகையில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது. மலைக்கு அது நல்லது. ஆனால் எக்ஸ்சேஞ்ச் விரிவாக்கத்துக்குப் போயிருக்க வேண்டிய பணமும் அதில் கலந்திருந்தது, அதனால் அவருடைய காத்திருப்பு நீண்டது. ஒரே கணக்கு என்ற பழைய ஏற்பாட்டைப் புகழ்ந்து மட்டும் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

1985

தொலைத்தொடர்பை ஆராய அமைக்கப்பட்ட சரின் குழு 1981இல் பிரிவினையைப் பரிந்துரைத்தது. 1985 ஜனவரியில் தபால் துறையும் தொலைத்தொடர்புத் துறையும் தனித்தனியாயின. தந்தி, தொலைத்தொடர்போடு போனது.

பிரிந்ததால் தொலைபேசிக்குக் கிடைத்த வேகத்தை மறுக்க முடியாது. 1984இல் தொடங்கிய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட், 128 இணைப்புகள் கொண்ட சிறிய கிராம எக்ஸ்சேஞ்சை உருவாக்கியது. குளிர்சாதனம் இல்லாத அறையிலும் அது ஓடும். வேலூர் வெயிலில் அதன் அருமை என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மேல்நாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஏ.சி. அறையும் தடையில்லா மின்சாரமும் தேவை. அவை இரண்டும் இல்லாத ஊர்களுக்கும் இனி டயல் டோன் போகலாம் என்றானது. அதோடு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. சி.எம்.சி.யைச் சுற்றியிருக்கும் தெருக்களில் வங்காள எழுத்துப் பலகைகளுக்கு நடுவே மஞ்சள் பலகைகள் முளைத்தன. இரவு ஏற ஏறக் கட்டணம் பாதி, கால் என்று இறங்கும் என்பதால் நோயாளிகளின் உறவினர்கள் பின்னிரவில் வரிசையில் நின்றார்கள். கடிதம் போட்டுப் பத்து நாள் காத்திருந்த குடும்பங்களுக்கு அன்றைக்கே குரல் கேட்டது. மாற்றுத்திறனாளிகளும் வேலையில்லாத இளைஞர்களும் அந்தப் பூத்துகளை நடத்திப் பிழைத்தார்கள்.

சரி, தபாலுக்கு என்ன ஆனது? தந்தி மணியார்டரையே பாருங்கள். பணம் ஒரு துறை, கம்பி வேறொரு துறை. கூட்டு அலுவலகத்தில் அதே ஊழியர் அதே மேசையில் உட்கார்ந்திருந்தாலும், தந்தி வேலை இப்போது பிறருக்காகச் செய்யும் வேலை. 1990களில் தபால் துறை மணியார்டர் அனுப்புவதற்கென்றே தனியாகச் செயற்கைக்கோள் இணைப்பை அமைத்துக்கொண்டது. எழுபது ஆண்டுகள் தன்னிடமே இருந்த கம்பியை இழந்துவிட்டு, அதே வேலைக்கு வானத்தில் ஒரு கம்பி கட்ட வேண்டி வந்தது. இது வீண் செலவு. பிரிவினைத் திட்டத்திலேயே பொதுப் பயன்பாட்டுக்கு ஓர் ஒப்பந்தம் இருந்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்.

பிரித்தது தவறு என்று நான் கருதவில்லை. பெரிய முதலீடு கேட்கும் தொலைபேசியையும் ஆள்பலத்தை நம்பியிருக்கும் தபாலையும் ஒரே வாரியம் நடத்துவது கடினம். தவறு என்னவென்றால், மலைக் கிராமத்தின் 85 சதவீதத்தை இதுவரை தந்தவர் இனி தரமாட்டார் என்று தெரிந்தும், அதை இனி யார் தருவது என்று யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. தபால் துறையின் பற்றாக்குறை ஆண்டுதோறும் மத்திய பட்ஜெட்டில் ஒரு வரியாக மாறியது. பற்றாக்குறை என்ற பெயர் வந்தவுடன் அது குறைக்கப்பட வேண்டிய பொருளாகிவிட்டது. அதற்குள் கிராமச் சேவையின் செலவு எவ்வளவு, நிர்வாகக் குறைபாடு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் வரவே இல்லை.

தொலைபேசிக்குக் கிடைத்த விடை

1994 தொலைத்தொடர்புக் கொள்கை தனியாரை உள்ளே விட்டது. லேண்ட்லைன் உரிமம் பெற்ற கம்பெனிகள் கிராமப் பொதுத் தொலைபேசி அமைக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. 2000 அக்டோபர் 1 அன்று பி.எஸ்.என்.எல். பிறந்தபோது கிராமத் தொலைபேசிகளின் சுமை அதன் தலையில்தான் இருந்தது. அரசுத் துறையிலிருந்து கம்பெனிக்கு மாறப் பயந்த ஊழியர்கள் அதற்கு முந்தைய மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஓய்வூதியத்தை அரசே தரும் என்ற உறுதி அதில் கிடைத்தது.

அப்புறம்தான் அந்த முக்கியமான ஏற்பாடு வந்தது. 2002இல் அமைத்து, அடுத்த ஆண்டு திருத்தத்தில் சட்ட வடிவம் பெற்ற பொதுச்சேவைக் கடமை நிதி. தொலைத்தொடர்புக் கம்பெனிகள் தங்கள் வருவாயில் ஐந்து சதவீதத்தை அதற்குக் கட்ட வேண்டும். கிராமங்களுக்குப் போகும் செலவு அதிலிருந்து வரும். கிராம லேண்ட்லைன் நஷ்டத்துக்காக பி.எஸ்.என்.எல். பெற்ற தனி ஈட்டுக் கட்டணம் 2008இல் நின்றது, அந்த நிறுவனத்தின் சரிவுக்கு அதுவும் ஒரு காரணம். 2020 ஜனவரியில் சுமார் 78,000 ஊழியர்கள் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் போனார்கள். லைன்மேனை ஊரார் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகியிருந்த எத்தனையோ எக்ஸ்சேஞ்சுகள் அன்று காலியாயின.

ஆனால் நிதி என்ற கருத்து பிழைத்தது. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. சிக்னல் எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022இல் அமைச்சரவை ஒதுக்கிய 26,316 கோடி ரூபாய்த் திட்டம் இந்த நிதியை நம்பித்தான் போடப்பட்டது. ஒரு கிராமத்துக்குப் போகும் செலவு இவ்வளவு, அதை இன்னார் தருகிறார், இன்னார் செய்கிறார் என்று வெளிப்படையாகச் சொல்லும் கணக்கு அது.

தந்தி 2013 ஜூலையில் நின்றது. அதைப் பற்றி எல்லோரும் உருக்கமாக எழுதிவிட்டார்கள், நான் அதில் நேரம் செலவிடப் போவதில்லை.

தபால் எதை வைத்து ஓடுகிறது

தபால் கார்டின் விலை ஐம்பது பைசா. அதைக் கொண்டுசேர்க்க ஏழு ரூபாய்க்கு மேல் ஆகிறது என்று 2010களில் துறையின் ஆண்டறிக்கைகளே காட்டின. மணியார்டர் 2015இல் பழைய வடிவத்தில் முடிந்தது. ஒரு காலத்தில் தபால்காரர் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்த முதியோர் உதவித்தொகை வங்கி வழிக்கு மாறியது. 2025 செப்டம்பரில் பதிவுத் தபாலும் ஸ்பீட் போஸ்டில் இணைக்கப்பட்டது.

கிராமத் தபால் ஆபீசைத் தாங்குவதில் பெரிய பங்கு சேமிப்புக் கணக்குக்கு. ஆர்.டி., செல்வமகள் சேமிப்பு, மாத வருமானத் திட்டம். இந்தப் பணம் தபால் துறையுடையது அன்று. மத்திய நிதி அமைச்சகம் பணத்தை எடுத்துக்கொண்டு, கணக்குக்கு இவ்வளவு என்று துறைக்கு ஒரு கூலி தருகிறது. குடியாத்தத்துப் பீடித் தொழிலாளியின் பாஸ்புக் இன்று அந்த ஊரின் தபால் பட்டுவாடாவையும் தாங்குகிறது. டிரங்க் கால் செய்த வேலையை ஆர்.டி. செய்கிறது. அதே மறைமுக ஏற்பாடு, ஆள்தான் மாறியிருக்கிறார். முன்பு வசதியுள்ள தோல் வியாபாரி, இப்போது தினக்கூலிப் பெண். இதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது.

இதற்கிடையே 2023ஆம் ஆண்டுத் தபால் அலுவலகச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் அமலுக்கு வந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த, கடிதம் சுமக்கும் தனியுரிமை புதிய சட்டத்தில் இல்லை. 1837இல் தொடங்கிய ஏகபோகம் சத்தமில்லாமல் முடிந்தது. உரிமை போனதில் எனக்கு வருத்தமில்லை. கூரியர்கள் ஏற்கனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். உரிமை போகும் நேரத்தில், எல்லா ஊருக்கும் போக வேண்டிய கடமைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதியிருக்க வேண்டும். தொலைபேசியில் ஏகபோகம் போனபோது நிதி வந்தது. தபாலில் ஏகபோகம் போனபோது எதுவும் வரவில்லை.

ஒரே மலை, இரண்டு கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் கிளை அஞ்சலகங்களுக்குக் கையடக்கக் கருவி கொடுத்தார்கள். சேமிப்பு, மின்னணு மணியார்டர், ஆதார் வழிப் பணம் எடுப்பு எல்லாம் அதில்தான். அந்தக் கருவி சிம் கார்டை நம்பி ஓடுகிறது. சிக்னல் இருந்தால்தான் முழுப் பயன். நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிரிந்த கம்பியும் கவுன்ட்டரும் மலைக் கிராமத்தில் மறுபடி ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கின்றன.

சிக்னல் எட்டாத மலைக் கிராமத்தில் புதிதாக ஒரு டவர் எழுந்தால், அதன் செலவுக்கு டிஜிட்டல் பாரத் நிதியில் இடம் உண்டு. அந்த டவரின் கீழே, கிராமின் டாக் சேவக் தன் வீட்டு முன்னறையில் நடத்தும் தபால் ஆபீசுக்கு அந்த நிதியில் இடமில்லை. டவரின் நஷ்டம் 'சேவைக் கடமை' என்று பதிவாகிறது, தபால் ஆபீசின் நஷ்டம் 'பற்றாக்குறை' என்று பதிவாகிறது.

செய்ய வேண்டியதில் முதல் படி சிக்கலானதில்லை. கிளை அஞ்சலகங்களுக்கான 33, 15 சதவீத விதியே ஒவ்வொரு கிளைக்கும் வரவையும் செலவையும் தனியாகப் பார்க்கச் சொல்கிறது. அந்தக் கிளைகளின் மொத்த இடைவெளியை ஆண்டுதோறும் துறையின் பொது நஷ்டத்திலிருந்து பிரித்து, கிராமச் சேவைச் செலவு என்ற தலைப்பில் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். அந்தத் தொகைக்குக் கூரியர், இணைய வணிக நிறுவனங்களிடம் தொலைத்தொடர்பில் வாங்குவது போன்ற ஒரு பங்கை வாங்குவதா, பொது வருவாயிலிருந்தே தருவதா என்பது அடுத்த விவாதம். என் தேர்வு முதலாவது. வேலூர் நகரத்தில் ஒரே நாளில் பார்சல் கொடுத்து லாபம் பார்க்கும் நிறுவனங்கள் புதூர்நாட்டு மலை ஏறுவதில்லை, ஏறுகிறவருக்கு அவர்கள் ஒரு பங்கு தரலாம். அந்தப் பங்கிலிருந்து போகும் முதல் ரூபாய் கிராமின் டாக் சேவக்கின் ஓய்வூதியத்துக்குப் போக வேண்டும்.